பிள்ளைங்க கால்ல ஆங்கிள் வெயிட் (கணுக்கால் வெயிட்) கட்டுறதுக்கு முன்னாடி இதை வாசிங்க

"அக்கா, கால்ல வெயிட் கட்டிட்டு பழகினா கால் சீக்கிரம் மேல போகுமாமே, வாங்கிக் குடுக்கவா?" இந்தக் கேள்விய இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கம் நாங்க பிள்ளைங்களுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் பழக்குற ஹால்ல மாசத்துக்கு ரெண்டு அம்மாவாவது கேட்டுடுவாங்க. போன்ல வீடியோ பாத்துட்டு வர்றாங்க, தப்பில்ல, பிள்ளை நல்லா வரணும்ங்கிற ஆசைதான். ஆனா முதல் வருசம் நானே ஒரு ஒம்பது வயசு பிள்ளைக்கு அரைக்கிலோ அரைக்கிலோவா ரெண்டு கால்லயும் கட்டி குதிக்க விட்டேன், ரெண்டு வாரத்துல பிள்ளைக்கு குதிகால் வலி, ஒன்றரை மாசம் பழக வர முடியல. அந்தப் பிள்ளை நொண்டிக்கிட்டே படி இறங்குனது இன்னும் கண்ணுலயே நிக்குது. அதனாலதான் இவ்வளவு விளக்கமா எழுதுறேன்.

முதல்ல ஏன் இது ஆபத்துன்னு புரிஞ்சுக்கோங்க. கொழுந்துக் கூடைய முதுகுல சுமந்துட்டு மலை ஏறலாம், அதே கூடைய கைய நீட்டி ஒரு நிமிசம் பிடிக்க முடியுமா? முடியாது. கணுக்கால்ல கட்டுற வெயிட்டும் அப்படித்தான், இடுப்புலருந்து ரொம்ப தூரத்துல தொங்குறதால கால் கிலோன்னாலும் இடுப்புக்கும் முட்டிக்கும் அது கால் கிலோ மாதிரி தெரியாது. அதோட வளர்ற பிள்ளைங்க எலும்போட நுனியில வளர்ச்சித் தட்டுன்னு ஒரு குருத்தெலும்பு இருக்கு, எலும்பு நீளுறது அங்கதான், முழுசா இறுகாத இடமும் அதுதான். குதிச்சு இறங்குறப்போ உடம்பு எடைய விட பல மடங்கு பாரம் காலுக்கு வருது, அதுக்கு மேல வெயிட்டும் இருந்தா அந்த இடம்தான் முதல்ல அடி வாங்கும்.

படி 1: பிள்ளை தயாரான்னு பாருங்க

வெயிட் இல்லாம மல்லாக்கப் படுத்து, ஒரு முட்டிய மடக்கி, மத்த கால நேரா 12 தடவை தூக்க சொல்லுங்க, இடுப்பு தரையவிட்டு எழும்பக்கூடாது. அப்புறம் ஒத்தக் கால்ல 30 செகன் ஆடாம நிக்கணும். ரெண்டும் சுத்தமா வரலன்னா வெயிட் பேச்சே வேணாம், உடம்பு எடையே போதும். நாங்க இப்போ 10 வயசுக்கு கீழ யாருக்கும் கட்டுறதில்ல. குதிகால், முட்டி, முதுகு எங்கயாவது வலி இருந்தாலும் இல்ல.

படி 2: எவ்வளவு கனம்

ஒரு காலுக்கு பிள்ளையோட எடையில நூத்துல ஒரு பங்கு. 25 கிலோ பிள்ளைன்னா 250 கிராம், அவ்வளவுதான். கடையில கிடைக்கிறது நிறைய பெரியவங்களுக்கு செஞ்சது, ஒரு கிலோ ரெண்டு கிலோன்னு இருக்கும், அதை விட்டுடுங்க. நாங்க வீட்டுலயே தைக்கிறோம். பழைய ஜீன்ஸ் துணிய நீளமா வெட்டி, குட்டிக் குட்டிப் பை வர்ற மாதிரி தையல் போட்டு, காய வச்ச மணல கடைத் தராசுல 50 கிராம் 50 கிராமா நிறுத்து லஞ்ச் ஷீட்ல (சோறு கட்டுற பொலித்தீன் தாள்) மடிச்சு ஒவ்வொண்ணா உள்ள வைக்கிறது, ஓரத்துல வெல்க்ரோ. அரிசி போட்டு பாத்தோம், எலி விடல. இதுல நல்லது என்னன்னா கனம் கூட்டணும்னா ஒரு பொட்டலம், குறைக்கணும்னா ஒரு பொட்டலம், கணக்கு தப்பாது.

படி 3: உடம்ப சூடாக்குங்க

இத அவசரப்படுத்தாதீங்க. நம்ம ஊரு குளிர்ல, அதுவும் தை மாசத்து சாயங்காலம் சிமெந்துத் தரையில வெறுங்காலோட நிக்கிற பிள்ளைக்கு தசை எல்லாம் விறைச்சுப் போயிருக்கும், 15 நிமிசமாவது ஓட்டம், கை கால் ஆட்டுறது, மெதுவா முட்டி மடக்கி நிமிர்றதுன்னு செஞ்சு நெத்தியில வேர்வை வந்தப்புறம்தான் வெயிட்ட தொடணும்.

படி 4: கட்டுறது

மேஸு (சாக்ஸ்) போட்டு அதுக்கு மேல, கணுக்கால் மொளிக்கு கொஞ்சம் மேல. ஒரு விரல் நுழையணும், ஆனா கால ஆட்டினா கீழ வழுக்கக்கூடாது. கழட்டுனப்புறம் தோல்ல சிவப்பா பட்டை விழுந்திருந்தா இறுக்கிட்டீங்கன்னு அர்த்தம்.

படி 5: என்ன செய்யலாம்

மூணே மூணு. முன்ன சொன்ன மாதிரி மல்லாக்கப் படுத்து ஒத்தக் கால் தூக்குறது, பக்கவாட்டுல படுத்து மேல் கால தூக்குறது, சுவர பிடிச்சு நின்னு கால முன்னால இடுப்பு உயரம் தூக்கி நிப்பாட்டுறது. மூணு எண்ணி தூக்கணும், ரெண்டு எண்ணி நிக்கணும், நாலு எண்ணி இறக்கணும், இறக்குறதுதான் முக்கியம், தொப்புன்னு போடக்கூடாது. பெருவிரல பாருங்க, லேசா நடுங்கினா பரவாயில்ல, முட்டி மடங்கி முதுகு வளைய ஆரம்பிச்சா எத்தனாவது தடவையா இருந்தாலும் அங்கயே நிப்பாட்டிடுங்க. ஒரு காலுக்கு 8 தடவை, ரெண்டு சுத்து. வாரத்துல ரெண்டு நாள், அடுத்தடுத்த நாள் வேணாம்.

வெயிட்டோட குதிக்கவே கூடாது. ஓட்டம், கரணம், பீம் (ஒடுக்கமான கட்டை மேல செய்றது), கால வீசி உதைக்கிறது, ஸ்ப்ளிட்ல (கால் ரெண்டையும் நேரா விரிச்சு) உக்காந்து அழுத்துறது எதுவும் கிடையாது. வீசி உதைக்கிறதுதான் நிறைய பேர் செய்ற தப்பு, கால் மேல போய் நிக்கிற இடத்துல வெயிட் முட்டிய பிடிச்சு இழுக்கும். அதேமாதிரி "நாள் பூரா கட்டிட்டு நடந்தா நல்லது"ன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, நடையே மாறிப் போயிடும்.

கழட்டுனவுடனே அதே அசைவ வெயிட் இல்லாம அஞ்சு தடவை மெதுவா செய்ய விடுங்க. கால் லேசாயிட்ட மாதிரி இருக்கும், பிள்ளைங்க சிரிச்சுக்கிட்டே வீசப் பாப்பாங்க, விடாதீங்க.

நாலு வாரம் போனப்புறம் 12 தடவை சுத்தமா வந்தா ஒரு பொட்டலம், 50 கிராம் கூட்டலாம். எடையில நூத்துல ரெண்டு பங்க நாங்க தாண்டுறதே இல்ல.

வலி விசயம். தசை இழுக்குற வலி ரெண்டு நாள்ல போயிடும். குதிகால ரெண்டு பக்கமும் விரலால அமுக்கிப் பாருங்க, பிள்ளை "ஆ"ன்னு கால இழுத்தா அது வேற, 8லருந்து 14 வயசுக்குள்ள வளர்ற குதிகால்ல வர்ற வலியா இருக்கலாம். முட்டிக்கு கீழ முன்னால புடைச்சு வலிச்சாலும் அப்படித்தான். வெயிட்டையும் குதிக்கிறதையும் நிப்பாட்டிட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க, எண்ணெய் போட்டு நீவிட்டு மறுநாளே பழக அனுப்பாதீங்க.

இன்னொண்ணு, சமவெளியில இருக்குறவங்களுக்கு இது பொருந்தாது, நம்ம பிள்ளைங்க ஸ்கூலுக்கு ஏறி இறங்குறதே ஒரு பயிற்சி. லயத்துலருந்து (தோட்டத்து வரிசை வீடு) ரோட்டுக்கு 200 படி இறங்கி, சாயங்காலம் பேக்கோட திரும்ப ஏறுற பிள்ளைக்கு அன்னைக்கு கால் ஏற்கனவே வேலை செஞ்சிருக்கும், அதையும் கணக்குல எடுங்க. நான் ஒரு சிஆர் கொப்பியில (தடிச்ச அட்டை நோட்டு) தேதி, எத்தன கிராம், எத்தன தடவைன்னு எழுதி வச்சிட்டு, மறுபடி வர்றப்போ முதல்ல ஒண்ணுதான் கேப்பேன்: "காலைல படி இறங்குறப்போ எங்கயாவது வலிச்சுதாம்மா?" வலிச்சுதுன்னு சொன்னா அன்னைக்கு வெயிட் பெட்டிக்குள்ளயே இருக்கும்.