முலு குகைக்குக் கிளம்புமுன் பெரியம்மாவின் ஐசியைப் பார்த்துவிடுங்கள்

பிறந்தது மலேசியா, பிழைப்பு மெல்பர்னிலோ லண்டனிலோ என்றிருப்பவர்கள் விடுமுறைக்கு வந்தால் பத்துமலையோடு சரி. இம்முறை பிள்ளைகளைப் போர்னியோ தீவில் இருக்கும் சரவாக் மாநிலத்தின் முலு தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போங்கள். அங்குள்ள மீரி நகரிலிருந்து சிறு விமானம். பூங்காவின் சுற்றுலாக் குகைகளுக்குள் வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள்; அதனால் விமான டிக்கெட் வாங்குமுன் குகைக்கு இடம் பிடியுங்கள்.

அப்புறம், இந்தப் பயணத்தைச் சொந்தக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லாதீர்கள்.

கிள்ளானில் இருக்கும் பெரியம்மாவிடம் நான் சொன்னேன். "என்னையும் கூட்டிட்டுப் போய்யா" என்றார். முட்டிவலி, மூன்று கிலோமீட்டர் நடை என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. நான் வெளிநாடு போனபின் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தவர் அவர். மறுக்க எனக்கு வாய் ஏது?

விமான நிலையத்தில் ஐசி, அதாவது அடையாள அட்டை, கேட்டார்கள். பெரியம்மா திருநீற்றுப் பொட்டலத்தோடு மடித்து வைத்திருந்த நகலை நீட்டினார். வழிப்பறிக்குப் பயந்து அசலை அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்! "உள்நாடுதானே" என்று கவுண்டர் பையனிடம் வாதம் வேறு. சரவாக்குக்குத் தனிக் குடிநுழைவுச் சோதனை உண்டு. தீபகற்ப மலேசியரும் ஐசியோ பாஸ்போர்ட்டோ காட்டியாக வேண்டும். தம்பி கிள்ளானிலிருந்து நெரிசலில் ஐசியைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் விமானம் போய்விட்டது. புது டிக்கெட், மீரியில் ஓர் இரவு, எல்லாம் என் கைக்காசு. "சாமி தடுத்திருக்கு, ஏதோ நல்லதுக்குத்தான்" என்றார் பெரியம்மா.

மறுநாள் போய்ச் சேர்ந்தால் மான் குகைக்கு இடமில்லை. மாலையில் அங்கிருந்துதான் லட்சக்கணக்கான வௌவால்கள் சுருள் சுருளாக வெளியேறும். மழை பெய்தால் அதுவும் இல்லை, ஆகவே இரண்டு மாலைகளை ஒதுக்குங்கள். எங்களுக்குக் கிடைத்தது காற்றுக் குகையும் தெளிநீர்க் குகையும். படகில் போக வேண்டும். தெளிநீர்க் குகைக்கு மட்டும் இருநூறு படிக்கு மேல் ஏற்றம். குகை ஆற்றின் தண்ணீர் வெளியே வந்து தேங்கும் இடத்தில் குளிக்கலாம், சில்லென்று இருக்கும். பெரியம்மா படியேறவில்லை. வழியில் பத்து புங்கான் என்ற பெனான் பழங்குடிக் கிராமத்தில் அங்குள்ள பெண்களிடம் மலாயில் பேரம் பேசி வாங்கிய பாசிமணி வளையல்களை எண்ணிக்கொண்டு கீழேயே உட்கார்ந்துவிட்டார். எங்கள் கூட்டத்தில் குறையில்லாமல் திரும்பியவர் அவர் ஒருவர்தான்.

இப்போது சரவாக்கிலேயே இருக்கும் நியா குகைக்குப் போகணுமாம். அங்கே வழிகாட்டி கட்டாயமில்லை. ஐசி கட்டாயம்.