போதைச் சோதனை விதி: கையெழுத்திடும் முன் யூனியன் செய்யும் தவறுகள்

கனடாவில் கூட்டு ஒப்பந்தப் பேச்சு என்றால் சம்பளம், ஓய்வூதியம், ஓவர்டைம் என்று பேசியே இரவு நீண்டுவிடும். மது, போதைப்பொருள் சோதனை பற்றிய விதி பெரும்பாலும் எல்லோரும் களைத்த பிறகு மேசைக்கு வரும். ‘எல்லா இடத்திலும் இருப்பதுதானே, பாதுகாப்புக்குத்தானே’ என்று தலையாட்டி முடித்துவிடுவார்கள். சில வருடம் கழித்து, இரவு ஷிஃப்டில் ஒரு சின்ன விபத்துக்குப் பிறகு, சிறுநீர்க் குப்பியைக் கையில் வாங்கும் தொழிலாளிக்குத்தான் அந்த விதியின் ஒவ்வொரு சொல்லும் என்ன எடை என்று தெரியவரும். அப்போது அவருக்காகப் பேச வேண்டிய ஸ்டூவர்டிடம் (வேலையிடத்து யூனியன் பிரதிநிதி) இருப்பது, முன்பு யாரோ அவசரமாகச் சம்மதித்த இரண்டு வரி.

இந்த விஷயத்தில் கனடியச் சட்டம் தொழிலாளிக்குக் கொடுத்திருக்கும் பாதுகாப்பு பெரிது. அதை நீதிமன்றத்தில் தோற்று இழப்பது ஒன்று. பேச்சு மேசையில் கவனக்குறைவால் எழுதிக் கொடுத்துவிடுவது இன்னொன்று. என் கவலை இரண்டாவதைப் பற்றியது.

சட்டம் தந்ததை எழுதிக் கொடுத்துவிடுவது

நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் செயின்ட் ஜான் நகரில் உள்ள இர்விங் காகித ஆலையில் 2006இல் நிர்வாகம் தன்னிச்சையாக ஒரு கொள்கையைக் கொண்டுவந்தது. ஆபத்தான வேலைகளில் இருப்பவர்களில் ஓர் ஆண்டில் 10 சதவீதம் பேரைக் கணினி குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கும். முன்னறிவிப்பில்லாமல் மூச்சுச் சோதனை நடக்கும். இரத்தத்தில் மது 0.04 சதவீதத்தைத் தாண்டினால் வேலைநீக்கம் வரை தண்டனை. மறுத்தால் உடனே வேலை போகும். அப்படிக் கூப்பிடப்பட்ட ஒருவர் 1979க்குப் பிறகு மதுவைத் தொட்டதே இல்லை. சோதனை அவருக்குச் சாதகமாகத்தான் வந்தது. ஆனாலும் அது தன்னை அவமானப்படுத்தியது என்று யூனியன் மூலம் முறையிட்டார்.

நடுவர் குழு ஆலையின் பதிவுகளைக் கேட்டுப் பார்த்தது. 15 ஆண்டுகளில் மது சம்பந்தமாகப் பதிவானவை எட்டுச் சம்பவங்கள். அவற்றில் ஒன்றுகூட விபத்தோடோ காயத்தோடோ தொடர்புபட்டதில்லை. கொள்கை அமலில் இருந்த 22 மாதங்களில் ஒருவர்கூடச் சோதனையில் சிக்கவில்லை. இந்த ஆதாரத்தை வைத்துக்கொண்டு எல்லோரையும் சந்தேகிக்க முடியாது என்றது குழு. மாகாண நீதிமன்றங்கள் அதைத் தள்ளுபடி செய்தன. 2013 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நடுவர் குழுவின் பக்கம் நின்றது.

தீர்ப்பின் சாரம் இது. வேலையிடம் ஆபத்தானது என்பது மட்டும் குலுக்கல் சோதனைக்குப் போதாது. அந்த இடத்தில் மதுவோ போதைப்பொருளோ உண்மையிலேயே பிரச்சினையாக இருக்கிறது என்பது போன்ற கூடுதல் ஆதாரம் வேண்டும். ஒருவர் மீது நியாயமான சந்தேகம் இருந்தால், விபத்தோ மயிரிழையில் தப்பிய விபத்தோ நடந்திருந்தால், சிகிச்சை முடித்து வேலைக்குத் திரும்பினால், ஆபத்தான பணியில் சோதிக்கலாம். இவற்றோடு இன்னொரு வழியையும் நீதிமன்றம் திறந்து வைத்தது: யூனியனோடு பேசி ஒப்புக்கொண்டால் குலுக்கல் சோதனையும் நடத்தலாம்.

பல பேச்சுக் குழுக்கள் தவறுவது இங்கேதான். ‘நிர்வாகம் தேவையெனக் கருதும் நேரத்தில் சோதனை நடத்தலாம்’ என்ற ஒரு வாக்கியத்துக்குச் சம்மதித்தால், இர்விங் ஆலைத் தொழிலாளர்கள் ஏழு வருடம் போராடி வென்றதை நீங்கள் ஒரு கையெழுத்தில் திருப்பிக் கொடுத்திருக்கக்கூடும். நிர்வாகம் தானாகப் போடும் விதிக்கு கேவிபி என்ற நிறுவனத்தின் வழக்கில் 1965இல் வந்த நடுவர் தீர்ப்பிலிருந்து ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. அந்த விதி ஒப்பந்தத்துக்கு முரணாக இருக்கக்கூடாது. நியாயமாக, தெளிவாக இருக்க வேண்டும். தொழிலாளிக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். எல்லோர் மீதும் ஒரே மாதிரி அமலாக வேண்டும். இந்த அளவுகோல்கள் தன்னிச்சையான விதிக்குத்தான். யூனியனே கையெழுத்திட்ட விதியை ‘நியாயமில்லை’ என்று பிறகு சொல்வது மிகக் கடினம்.

‘நிறுவனத்தின் கொள்கைப்படி, அது அவ்வப்போது திருத்தப்படும் வண்ணம்’ என்ற சொற்றொடர் இதே தவறின் அடக்கமான வடிவம். இன்றைய கொள்கையைப் படித்துத்தான் நீங்கள் சம்மதித்திருப்பீர்கள். அடுத்த வருடம் நிர்வாகம் அதில் எதைச் சேர்த்தாலும் அதற்கும் உங்கள் சம்மதம் உண்டு என்று வாதிட அந்தச் சொற்கள் இடம் தரும். கொள்கையை ஒப்பந்தத்தின் இணைப்பாகத் தேதியோடு சேர்க்கச் சொல்லுங்கள். மாற்றம் வேண்டுமானால் இரு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எழுதுங்கள்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. எந்தச் சோதனையும் கூடாது என்று முழுமையாக மறுத்துவிட்டு, விதியே இல்லாமல் விட்டுவிடுவது. குடித்துவிட்டு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் பக்கத்தில் நிற்பவரும் யூனியன் உறுப்பினர்தான். அவருடைய உயிரும் யூனியனின் பொறுப்பு. தவிர, எழுதப்படாத இடத்தை நிர்வாகம் தன் விதியால் நிரப்பும். டொராண்டோ போக்குவரத்து நிறுவனமான டிடிசியில் குலுக்கல் சோதனையைத் தற்காலிகமாக நிறுத்தக் கோரிய யூனியனின் மனுவை 2017 ஏப்ரலில் நீதிமன்றம் ஏற்கவில்லை. அடுத்த மாதமே சோதனை தொடங்கியது. ஆல்பர்ட்டாவின் சன்கோர் எண்ணெய் நிறுவன வழக்கு இன்னொன்றைக் காட்டியது. ‘இங்கே பிரச்சினை இருக்கிறது’ என்று நிரூபிக்க, யூனியன் உறுப்பினர்களின் பதிவு மட்டுமல்ல, ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள் உட்பட முழு வேலைத்தளத்தின் பதிவையும் பார்க்கலாம் என்று 2017இல் அம்மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆகவே ‘எங்கள் ஆட்கள் சுத்தமானவர்கள்’ என்ற நம்பிக்கையில் மட்டும் இருக்க வேண்டாம். சம்பவப் பதிவுகளின் நகல் யூனியனுக்கும் வர வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

அமெரிக்க விதியை நகலெடுப்பது

மாதிரி விதி தேடி இணையத்துக்குப் போனால் முதலில் கிடைப்பவை அமெரிக்க ஒப்பந்தங்கள். அங்கே நிலைமை வேறு. 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் லாரி, பேருந்து, ரயில், விமானம் போன்ற துறைகளில் சோதனை கட்டாயம். லாரி ஓட்டுநர்களுக்கு 2020 முதல் ஆண்டுக் குலுக்கல் விகிதம் போதைப்பொருளுக்கு 50 சதவீதம், மதுவுக்கு 10 சதவீதம். மறுப்பதும் சிக்குவதும் அங்கே ஒன்றுதான். டொராண்டோவிலிருந்து பஃபலோவுக்கோ டெட்ராய்ட்டுக்கோ சரக்கு ஏற்றிச் செல்லும் கனடிய ஓட்டுநர் இந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். அதில் பேரம் பேச இடமில்லை.

ஆனால் அதே நிறுவனத்தில் எல்லை தாண்டாத கிடங்குத் தொழிலாளியை, அலுவலக ஊழியரை அந்த விதிக்குள் இழுப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. ‘எல்லா ஊழியர்களுக்கும்’ என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு, ‘அமெரிக்கச் சட்டம் கட்டாயப்படுத்தும் ஓட்டுநர்களுக்கு, அந்தச் சட்டம் கேட்கும் அளவுக்கு மட்டும்’ என்று எழுதுங்கள். ‘ஆபத்தான பணி’ என்ற சொல்லையும் திறந்து விடக்கூடாது. எந்தெந்தப் பணி என்று பட்டியல் வேண்டும். பட்டியல் இல்லாத இடத்தில், கேண்டீனில் பாத்திரம் கழுவுபவரும் ஒரு நாள் ஆபத்தான பணியில் இருப்பவராகிவிடுவார்.

அமெரிக்க விதிகளில் எடுத்துக்கொள்ளத் தக்கதும் உண்டு. சிறுநீர் மாதிரியை இரண்டாகப் பிரித்து முத்திரையிட்டு, முதல் முடிவு பாதகமாக வந்தால் 72 மணி நேரத்துக்குள் இரண்டாவதை வேறொரு ஆய்வுக்கூடத்தில் சோதிக்கக் கேட்கும் உரிமை அது. அதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். செலவு யாருடையது என்பதையும் கூடவே எழுதிவிடுங்கள்.

‘நியாயமான சந்தேகம்’ என்று மட்டும் எழுதி விட்டுவிடுவது

யாருடைய சந்தேகம்? எதைப் பார்த்து? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத விதி மேற்பார்வையாளரின் மனநிலைக்குத் தொழிலாளியை ஒப்படைத்துவிடும். சர்க்கரை நோயாளிக்கு இரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் பேச்சு குழறும், நடை தடுமாறும், எரிச்சல் வரும். தொடர்ந்து இரவு வேலை பார்த்தவரின் கண் சிவந்திருக்கும். இவையெல்லாம் போதை போலவே தெரியும்.

பயிற்சி பெற்ற இரண்டு மேற்பார்வையாளர்கள் தனித்தனியாகப் பார்த்திருக்க வேண்டும். பார்த்ததை (வாடை, பேச்சு, நடை, செய்த தவறு) சோதனைக்கு முன்பே எழுத வேண்டும். எழுதியதன் நகல் தொழிலாளிக்கும் யூனியனுக்கும் கிடைக்க வேண்டும். பெயரில்லாத புகார் மட்டும் போதாது. குறைந்தது இவ்வளவாவது விதியில் இருக்கட்டும். விபத்துக்குப் பிந்தைய சோதனைக்கும் இதே கண்டிப்பு தேவை. பிரேக் பழுதான வண்டி மோதியதற்கு ஓட்டியவரின் சிறுநீரைச் சோதிப்பதில் பொருளில்லை. அவருடைய செயலோ செயலின்மையோ காரணமாக இருக்கலாம் என்று முதற்கட்ட விசாரணை சொன்ன பிறகுதான் சோதனை என்று எழுதலாம்.

யூனியன் பிரதிநிதி உடனிருக்கும் உரிமையை எழுதும்போது இரவு ஷிஃப்டை மறந்துவிடுகிறார்கள். அதிகாலை மூன்று மணிக்கு ஸ்டூவர்ட் இருக்கமாட்டார். இரத்தத்தில் மது மணிக்குச் சுமார் 0.015 வீதம் குறையும் என்பதால் நிர்வாகம் காத்திருக்க மறுக்கும். அந்த மறுப்பில் நியாயமும் இருக்கிறது. ஆகவே தொலைபேசியில் பேசுவது போதும் என்றும், அதற்கு அரை மணி நேரம் என்றும் இரு தரப்பும் தாங்கக்கூடிய ஒரு வரம்பைப் போடுவது நல்லது. சோதனைக்குப் போகும் நேரத்துக்குச் சம்பளம் உண்டா, சந்தேகத்துக்குள்ளானவரை யார் வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள் என்பதும் விதியில் இருக்க வேண்டியவை.

எதை அளக்கிறோம் என்று கேட்காமல் விடுவது

மூச்சுச் சோதனை அந்த நேரத்தில் உடலில் இருக்கும் மதுவைச் சொல்லும். சிறுநீர்ச் சோதனை அப்படியல்ல. கஞ்சா உடலில் சிதைந்து உண்டாகும் கழிவுப் பொருளைத்தான் அது தேடுகிறது. அடிக்கடி பயன்படுத்துபவரிடம் அது நாள்கணக்கில், சிலரிடம் வாரக்கணக்கில் தங்கும். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் பெரியவர்கள் கஞ்சா பயன்படுத்துவது சட்டப்படி குற்றமல்ல. சனிக்கிழமை வீட்டில் புகைத்தவர் புதன்கிழமை முழுத் தெளிவோடு வேலை செய்துகொண்டிருக்கும்போது சிறுநீர் அவரைக் காட்டிக்கொடுக்கக்கூடும். ‘உடலில் இருந்தது’ என்பதற்கும் ‘வேலை நேரத்தில் போதையில் இருந்தார்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை விதியே சொல்ல வேண்டும். எச்சில் சோதனை இந்த விஷயத்தில் மேலானது. அண்மைய பயன்பாட்டுக்கு நெருக்கமாக நிற்கும். ஆனாலும் ஆய்வுக்கூட முடிவு வர நாளாகும் என்பதால், அன்றைய ஆபத்தை அது தடுக்காது.

எந்த அளவுக்கு மேல் இருந்தால் சிக்கியதாகக் கொள்வது என்பதை ஆய்வுக்கூடத்தின் முடிவுக்கு விடுவது இன்னொரு பெரிய தவறு. நம் சமையலிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. குருமாவுக்கு அரைக்கும் கசகசா, அபினிச் செடியின் விதை. அதில் ஒட்டியிருக்கும் மார்ஃபின் சிறுநீரில் தென்படலாம். அமெரிக்க மத்திய அரசின் சோதனைகளில் அபினி வகைப் பொருள்களுக்கான முதற்கட்ட வரம்பு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமாக இருந்தது. கசகசா சாப்பிட்டவர்களும் சிக்கியது ஒரு காரணமாக, 1998இல் அது 2,000 ஆக உயர்த்தப்பட்டது. அந்த வரம்பைப் பின்பற்ற வேண்டிய கட்டாயம் இல்லாத தனியார் சோதனை பழைய எண்ணையே வைத்திருந்தால், கல்யாண விருந்துக்குப் போய் வந்தவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எண்கள் இணைப்பில் இருக்கட்டும். முடிவு முதலில் ஒரு மருத்துவரிடம் போகட்டும். அவர் தொழிலாளியிடம் பேசி, என்ன மருந்து எடுக்கிறார் என்று தெரிந்துகொண்ட பிறகே நிர்வாகத்துக்குச் சொல்லட்டும். மருந்துப் பட்டியலை மேற்பார்வையாளரிடம் ஒப்படைக்கச் சொல்லும் விதிக்கு எக்காரணம் கொண்டும் சம்மதிக்காதீர்கள்.

‘முன்பே சொல்லியிருக்க வேண்டும்’

கனடிய மனித உரிமைச் சட்டத்தில் போதைக்கு அடிமைப்பட்ட நிலை ஓர் உடல்நலக் குறைபாடு. தாங்கமுடியாத சிரமம் என்ற எல்லை வரை நிர்வாகம் அதற்கு இடம் கொடுத்தாக வேண்டும். இதை நம்பி, ‘பிரச்சினை இருப்பவர் சம்பவம் நடக்கும் முன்பே தெரிவிக்க வேண்டும்’ என்ற வரியை யூனியன்கள் எளிதாகக் கடந்துவிடுகின்றன. எல்க் வேலி நிலக்கரி நிறுவன வழக்கு அந்த வரியின் பலத்தைக் காட்டியது. ஆல்பர்ட்டாவின் அந்தச் சுரங்கத்தில், முன்பே சொன்னால் சிகிச்சை, சொல்லாமல் விபத்தில் சிக்கினால் வேலைநீக்கம் என்பது கொள்கை. விடுமுறை நாட்களில் கொக்கெய்ன் எடுத்த ஒரு லோடர் ஓட்டுநரின் வண்டி சின்ன விபத்தில் சிக்கியது; யாருக்கும் காயமில்லை. தான் அடிமையாகிவிட்டேனோ என்று அவர் அதன் பிறகுதான் உணர்ந்து சொன்னார். வேலை போயிற்று. அவர் நீக்கப்பட்டது நோய்க்காக அல்ல, கொள்கையை மீறியதற்காக என்று மனித உரிமைத் தீர்ப்பாயம் கண்டதை 2017இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

எனக்கு இந்த முடிவு இன்றும் உறுத்துகிறது. தனக்கு நோயில்லை என்று நம்புவது இந்த நோயின் இயல்புகளில் ஒன்று. நீதிமன்றம் தராததை ஒப்பந்தம் தரலாம்: முதல் சம்பவத்துக்குப் பிறகு சொன்னாலும் மருத்துவ மதிப்பீடும் சிகிச்சையும் கிடைக்கும், மதிப்பீடு முடியும் வரை வேலைநீக்கம் இல்லை என்ற ஒரு வரி போதும். சிகிச்சைக் காலத்தில் நோய்விடுப்புச் சம்பளம் உண்டு என்பதையும் சேர்த்தால்தான் ஆட்கள் பயமில்லாமல் முன்வருவார்கள்.

சிகிச்சை முடித்துத் திரும்புபவரிடம் நிர்வாகம் ‘கடைசி வாய்ப்பு ஒப்பந்தம்’ ஒன்றை நீட்டும். வேலை திரும்பக் கிடைக்கும் மகிழ்ச்சியில் படிக்காமலே கையெழுத்திடுவார்கள். யூனியன் கையெழுத்தில்லாமல் அது செல்லாது என்று கூட்டு ஒப்பந்தத்திலேயே எழுதி வையுங்கள். அந்தத் தாளில் மூன்று இடங்களைப் பாருங்கள். தொடர் சோதனைக்கு முடிவுத் தேதி இருக்கிறதா? ‘எந்த விதி மீறலுக்கும்’ என்று போட்டு, பத்து நிமிடத் தாமதத்துக்கும் வேலை போகும்படி செய்திருக்கிறார்களா? நடுவரிடம் முறையிடும் உரிமையைப் பறிக்கும் வாசகம் ஒளிந்திருக்கிறதா? மறுபடி வழுக்குவது இந்த நோயில் சகஜம் என்பதால், ஒரு முறை வழுக்கினால் வேலைநீக்கமா, மறு மதிப்பீடா என்பதை அந்த நாளிலேயே மருத்துவரின் கருத்தைக் கேட்டுப் பேசி முடித்துவிடுங்கள்.