காது சோதனையில் 'பாஸ்' ஆன பிள்ளையையும் ஏன் விடாமல் கவனிக்க வேண்டும்

பிறந்தவுடன் எடுத்த காது சோதனையில் 'பாஸ்' என்றால் அன்றைக்குச் சரி, அவ்வளவுதான். சில பிள்ளைகளுக்குக் கேட்கும் திறன் மாதங்கள் கழித்துத்தான் குறையத் தொடங்கும்.

உங்கள் பிள்ளைக்கு அந்த ஆபத்து உண்டா என்று தெரிய, முதலில் டிஸ்சார்ஜ் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் (என்.ஐ.சி.யூ) 5 நாளுக்கு மேல் இருந்ததா, ஜென்டாமைசின் மாதிரி ஆன்டிபயாடிக் மருந்து 5 நாளுக்கு மேல் ஏறியதா, மஞ்சள் காமாலைக்கு இரத்தமே மாற்றினார்களா (லைட்டில் மட்டும் வைத்திருந்தால் அது வேறு கதை), கர்ப்பத்தில் சி.எம்.வி. என்ற வைரஸ் தொற்று இருந்ததா? குடும்பத்தில் சின்ன வயதிலேயே காது கேட்காதவர் உண்டா என்றும் பெரியவர்களிடம் கேளுங்கள். சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள் இதைக் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இதில் ஒன்று இருந்தாலும் 9 மாதத்துக்குள் முழுப் பரிசோதனை தேவை, சி.எம்.வி. என்றால் 3 மாதத்துக்குள். மூளைக்காய்ச்சல் (மெனிஞ்சைடிஸ்) வந்து போன பிள்ளைக்குத் தள்ளிப்போடவே கூடாது, உள்காதில் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொண்டால் பிறகு காக்ளியர் கருவி (உள்காதில் ஆபரேஷன் செய்து வைக்கும் கேட்கும் கருவி) பொருத்துவதே சிரமமாகிவிடும். என்.ஐ.சி.யூ பிள்ளைக்கு ஏ.பி.ஆர். (காது நரம்பு வழியாகச் சத்தம் மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்தார்களா என்று கேளுங்கள், உள்காதை மட்டும் பார்க்கும் ஓ.ஏ.ஈ. சோதனையை மட்டும் செய்தால் நரம்புக் கோளாறு கண்ணில் படாமல் தப்பிவிடும்.

வீட்டில் சட்டியைத் தட்டிப் பார்ப்பது, முகத்துக்கு முன்னால் கை தட்டுவது எல்லாம் ஏமாற்றும். ஓரளவு மட்டும் கேட்கும் பிள்ளையும் பெருஞ்சத்தத்துக்குத் திரும்பும், காற்று பட்டாலும் திரும்பும். சிரிப்பு, மழலை இவை காது கேட்காத பிள்ளைக்கும் முதலில் வரும், அதனால் அதை நம்பி இருக்காதீர்கள். 6 மாதத்தில் சத்தம் வந்த பக்கம் திரும்புகிறதா, 9 மாதத்தில் பேரைச் சொன்னால் பார்க்கிறதா, மழலை கூடுகிறதா, குறைகிறதா என்று பாருங்கள். 'அவன் அப்பாவும் லேட்டாதான் பேசினான்' என்று பாட்டி சொல்வார், வீட்டில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் ஓடுவதால்தான் பேசவில்லை என்று அக்கம்பக்கம் சொல்லும். பேச்சுக்கு ஆயிரம் காரணம் இருக்கட்டும், கூப்பிட்டால் திரும்பாததற்கு மூன்று மொழி எப்படிக் காரணமாகும்? உங்களுக்குச் சந்தேகம் வந்தாலே போதும், 9 மாதம்வரை காத்திருக்காமல் அரசாங்க கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு கோலாலம்பூர் மருத்துவமனை, பினாங்கு பெரியாஸ்பத்திரி மாதிரி ஈ.என்.டி. (காது, மூக்கு, தொண்டை) பிரிவு உள்ள இடத்துக்குப் போங்கள்.

ஏ.பி.ஆர். தூக்கத்தில்தான் எடுப்பார்கள். அதனால் காரில் தூங்க விடாமல் கொண்டுபோய் அங்கேயே பால் கொடுத்துத் தூங்க வையுங்கள். சளி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், நடுக்காதில் நீர் கோர்த்திருந்தால் முடிவு மாறும். காதில் எண்ணெய் விடவே வேண்டாம். அப்புறம், இந்த முறையும் பாஸ் என்றாலும், அடுத்த தேதியைப் பிள்ளையின் கிளினிக் புத்தகத்தில் எழுதி வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.