வகுப்பில் யூடியூப் காட்டும் முறை

பதினைந்து நிமிடக் காணொளியை முழுதாக ஓடவிட்டால் கடைசி பெஞ்ச் பாதியிலேயே கழன்றுவிடும். தேவையான இரண்டு, மூன்று நிமிடம் போதும். கணினியில் அந்த இடத்தில் நிறுத்தி, 'பகிர்' அழுத்துங்கள். கீழே தொடக்க நேரக் கட்டம் இருக்கும். அதை டிக் செய்து இணைப்பை நகலெடுத்தால் அங்கிருந்தே ஓடும். முடிவு நேரத்துக்கு அங்கே இடமில்லை, பாடக்குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

போடுவதற்கு முன்பே கேள்வியைப் பலகையில் எழுதிவிடுங்கள். "கவனமாப் பாருங்க" என்பது கேள்வி ஆகாது. டைட்ரேஷன் (பியூரெட் என்னும் அளவுக்கோடிட்ட குழாயிலிருந்து துளித்துளியாக விட்டு, ஒரு கரைசலின் செறிவை அளக்கும் வேதியியல் சோதனை) காணொளி என்றால், "பியூரெட் அளவைப் படிக்கும்போது அவர் கண் எந்த மட்டத்தில் இருக்கிறது?" என்று கேட்கலாம். நிறங்காட்டியான பினாப்தலின் இளஞ்சிவப்பாகும் துளி கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும். 'கே' விசையால் நிறுத்தி, முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். காற்புள்ளி பின்னோக்கி நகர்த்தும். 'ஜே' 10 விநாடி பின்னே போகும். மாணவர் ஊகம் சொன்ன பிறகே மேலே ஓட்டுங்கள்.

தானியங்கி வசனம் கலைச்சொற்களில்தான் அதிகம் சொதப்பும், முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். தானாக அடுத்தது ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று திரையில் வந்து நிற்கும். நெட் இழுத்தால் தரத்தை 360-க்கு இறக்குங்கள். ஆனால் பியூரெட் கோடுகள் மங்கும்.

நீங்களே எடுத்த காணொளியைப் 'பட்டியலிடப்படாதது' என ஏற்றினால் தேடலில் வராது. ஆனாலும் இணைப்பு கிடைத்த யாரும் பார்க்கலாம். மாணவர் முகம் தெரியும் பதிவை அப்படி ஏற்றாதீர்கள்.