பிட்காயின் சில்லறைக்கும் ஜாதகம் உண்டு

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் 320 ரூபாய்க்குச் சங்கரா வாங்கி 500 ரூபாய்த் தாளை நீட்டினால், மீன்காரம்மா 180 மீதி தருவார். அந்தத் தாள் நேற்று யார் மடியில் இருந்தது என்று கேட்கமாட்டார். கிழிந்திருந்தால்தான் தகராறு.

பிட்காயினில் அந்த வசதி கிடையாது. உங்களிடம் 0.01 பிட்காயின் ஒரே துண்டாக, அதாவது ஒரே தடவையில் வந்த தொகையாக இருக்கிறது, கடைக்காரருக்கு 0.003 கொடுக்கிறீர்கள் என்றால் முழுத் துண்டும் செலவாகும். 0.003 அவருக்கு, கட்டணம் போக மீதி உங்களுடைய புது முகவரிக்கு. பரிவர்த்தனைகள் எல்லாம் பொதுப் பேரேட்டில் பதிவாவதால், அதைத் திறந்து பார்க்கும் கடைக்காரருக்கு அந்த மீதியும், நாளை அது எங்கே போகிறது என்பதும் தெரியும். 0.003 தசமம் நீளாத தொகையாக இருப்பதால் எது மீதி என்று ஊகிப்பதும் சுலபம்.

ஆகவே துண்டுகளைத் தனித்தனியாக வையுங்கள். பிட்காயினை வைத்துச் செலவழிக்க உதவும் ஸ்பாரோ வாலட் என்ற கணினி மென்பொருள் இதற்குத் தோது. பணம் வாங்கும் ஒவ்வொரு முறையும் புது முகவரி எடுத்து, யாரிடமிருந்து என்று லேபிள் எழுதிவிடுங்கள். செலவழிக்கும்போது யூடிஎக்ஸ்ஓ (செலவாகாத துண்டுகள்) பக்கத்தில் துண்டை நீங்களே தேர்ந்தெடுத்து 'சென்ட் செலக்டட்' அழுத்துங்கள். தொகைக்கு ஒட்டிய துண்டு இருந்தால் அதையே எடுங்கள், மீதி குறையும்.

பலர் கோட்டைவிடுவது சேர்க்கும் இடத்தில். எக்ஸ்சேஞ்சில் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) பான் கொடுத்து வாங்கிய துண்டையும் நண்பர் அனுப்பிய துண்டையும் ஒரே பரிவர்த்தனையில் போட்டால், இரண்டும் ஒரே ஆளுடையவை என்றுதான் ஆய்வு மென்பொருள்கள் கணக்கிடும். நண்பரின் துண்டு திருட்டுப் பணத்தோடு தொடர்புடையது என்றால் உங்கள் டெபாசிட்டையும் எக்ஸ்சேஞ்ச் நிறுத்திவைக்கலாம். பத்தாக்குறை என்றால் ஒரே இடத்திலிருந்து வந்தவற்றை மட்டும் சேருங்கள்.

கேட்காமல் 546 சதோஷி (ஒரு பிட்காயினில் பத்து கோடியில் ஒரு பங்குதான் ஒரு சதோஷி) வந்து விழுந்தால் தொடாதீர்கள், செலவாகாதபடி 'ஃப்ரீஸ்' செய்யுங்கள். மற்ற துண்டுகளோடு அதைச் சேர்த்துவிடுவீர்களா என்று யாரோ காத்திருக்கலாம். பணமாகவும் பிரயோஜனமில்லை: பிசி1க்யூ என்று தொடங்கும் முகவரியில் உள்ள துண்டு ஒன்றைச் செலவழிக்கச் சுமார் 68 விபைட் (கட்டணம் கணக்கிடும் அளவு) பிடிக்கும், விபைட்டுக்கு 10 சதோஷி என்றால் கட்டணமே 680.

மொனேரோ என்ற இன்னொரு கிரிப்டோ நாணயம் ரொக்கத்துக்கு இன்னும் கிட்டே வரும். தொகை மறைந்திருக்கும், செலவாகும் துண்டு 15 போலிகளுக்குள் ஒளிந்திருக்கும். விற்கத்தான் இடம் குறைவு. பைனான்ஸ் (Binance) எக்ஸ்சேஞ்ச் 2024 பிப்ரவரியில் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

லேபிளில் வாங்கிய தேதியையும் ரூபாய் விலையையும் சேர்த்தே எழுதுங்கள். பொருள் வாங்கக் கொடுத்தாலும் லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு, அந்தக் கணக்குக்கு இது வேண்டும்.