இறைச்சி மாடு வளர்ப்பு: தராசும் கண்ணும் ஏமாற்றும் இடங்கள்

500 கிலோ மாடு என்றதும் 500 கிலோ இறைச்சி என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. தலை, தோல், கால், குடல் எல்லாம் கழிந்தால் தொங்கும் உடலம் பெரும்பாலும் 250 முதல் 300 கிலோதான். எலும்பு அதிலிருந்தும் கழியும். பால் இனக் காளைகளில் இந்த விகிதம் இன்னும் குறைவு. போதாததற்கு, வயிறு முட்டத் தின்ற மாட்டைத் தராசில் ஏற்றினால் தீவனத்தையும் தண்ணீரையும் சேர்த்தே நிறுக்கிறோம். எடை பார்ப்பதானால் எப்போதும் காலையில், தீவனம் வைக்கும் முன் பாருங்கள்.

மாடு பதத்துக்கு வந்துவிட்டதா என்பதைத் தள்ளி நின்று முடிவு செய்வது அடுத்த தவறு. அடர்ந்த ரோமமும் பெருத்த வயிறும் கண்ணை மறைத்துவிடும். கையை விரித்துக் கடைசி விலா எலும்புகளின் மேல் வையுங்கள். தொட்டவுடனே எலும்பு தட்டுப்பட்டால் இன்னும் வளர்க்க வேண்டும். சற்று அழுத்திய பிறகு தட்டுப்பட்டால் பதம் சரி. எவ்வளவு அழுத்தியும் விலா அகப்படாமல், வாலடியின் இருபுறமும் கொழுப்பு மெத்தென்று திரண்டிருந்தால் விற்கும் நாள் கடந்துவிட்டது. தசை வளர்ந்து முடியும் தறுவாயில்தான் கொழுப்பு வேகமாகச் சேரும். ஒரு கிலோ கொழுப்புக்கு ஆகும் தீவனம் தசைக்கு ஆவதைவிட மிக அதிகம். கிடேரி முதலில் கொழுக்கும், காயடித்த காளை அடுத்து, காயடிக்காதது கடைசியில். மூன்றையும் ஒரே கொட்டிலில் வளர்த்து ஒரே நாளில் விற்பது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தரம் பிரிக்கும் முறை தெரியாமல் வளர்ப்பதும் நஷ்டம். அமெரிக்காவில் 12, 13ஆம் விலாக்களுக்கு இடையே வெட்டி, தசைக்குள் ஓடும் கொழுப்பு இழைகளையும் உடலத்தின் முதிர்ச்சியையும் பார்க்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் உடலத்தின் தசைக்கட்டுக்கு ஓர் எழுத்து, அதன் மேல் போர்த்திய கொழுப்புக்கு 1 முதல் 5 வரை ஓர் எண். ஓரிடத்தில் மெச்சப்படும் உடலம் இன்னோரிடத்தில் கீழே இறங்கும். வயதைப் பொறுத்தவரை வாய்ச்சொல்லை நம்பாமல் பல்லைப் பாருங்கள்: முன்வாயில் பால்பல் விழுந்து முளைக்கும் முதல் இரண்டு நிலைப்பற்கள் ஏறக்குறைய இரண்டு வயதில் வரும்.

புல்லிலிருந்து தானியத்துக்கு ஒரே நாளில் மாற்றாதீர்கள். இரைப்பையில் அமிலம் ஏறி மாடு படுத்துவிடும். இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

மாதக்கணக்கில் வளர்த்ததைக் கடைசி நாளில் கெடுப்பதுதான் பெரிய கொடுமை. அறுத்த பின் தசையிலுள்ள கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பு லாக்டிக் அமிலமாக மாறி, பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம்) 7லிருந்து ஏறக்குறைய 5.5க்கு இறங்க வேண்டும். மிரண்டும் முட்டிக்கொண்டும் நின்ற மாட்டில் அந்தக் கிளைக்கோஜன் முன்பே தீர்ந்துவிடுகிறது. பிஎச் 6 பக்கமே நின்று, இறைச்சி கருத்துப் பிசுபிசுக்கும், சீக்கிரம் கெடும். ஓரிரவு ஓய்வில் இது மீளாது, நாட்கள் பிடிக்கும். பழகாத மாடுகளை ஒரே வண்டியில் ஏற்றாதீர்கள். தடியால் அடிக்காதீர்கள், கன்றிய இடத்தை வெட்டி எறியத்தான் வேண்டும். அறுப்புக்கு முன் தீவனத்தை நிறுத்தலாம், தண்ணீரை நிறுத்தக் கூடாது.

மருந்து போட்ட மாடு என்றால், ஊசி போட்ட தேதியை எழுதி வையுங்கள். அந்த மருந்தின் சீட்டில் குறித்துள்ள விலக்கு நாட்கள் (மருந்து உடலிலிருந்து நீங்கக் காத்திருக்க வேண்டிய நாட்கள்) முடியும்வரை, எவ்வளவு நல்ல விலை வந்தாலும் அந்த மாடு வண்டி ஏறக் கூடாது.