பழைய ஃப்ளக்ஸில் டெப்ளாய்மென்ட் நின்றால் செய்யக்கூடாதவை

ஃப்ளக்ஸ் என்பது கிட் ரெப்போவில் எழுதியிருப்பதைக் குபெர்னெட்டிஸ் கிளஸ்டரில் தானாகக் கொண்டுவரும் கருவி. அதன் முதல் பதிப்பு 2022 நவம்பரில் ஆர்க்கைவ் செய்யப்பட்டது. ஆனாலும் பல கிளஸ்டர்களில் இன்னும் ஓடுகிறது. அங்கே அடிக்கடி வரும் புகார் ஒன்றுதான்: புதிய இமேஜ் ரெஜிஸ்ட்ரிக்குப் (இமேஜ் கிடங்கு) போய்விட்டது, கிளஸ்டரில் ஓடும் பாட் மட்டும் பழையதிலேயே நிற்கிறது.

உடனே குபெக்டில் என்ற கட்டளைக் கருவியில் கையால் இமேஜை மாற்றுவதுதான் முதல் தவறு. கிட்டில் பழைய டேக் (இமேஜின் பதிப்புப் பெயர்) இருக்கும்வரை, கிட்டோடு கிளஸ்டரை ஒத்திசைக்கும் அடுத்த சிங்க் அதைத் திருப்பிவிடும். இயல்புநிலையில் அந்த இடைவெளி 5 நிமிடம். ‘சரியாகிவிட்டது, மறுபடி கெட்டுவிட்டது’ என்ற குழப்பம் பெரும்பாலும் இதனால்தான்.

முதலில் எந்தக் கண்ணி அறுந்தது என்று பாருங்கள். ஃப்ளக்ஸ்-சிடிஎல் கருவியின் லிஸ்ட்-இமேஜஸ் கட்டளையில் புதிய டேக் தெரியவில்லை என்றால் கோளாறு ரெஜிஸ்ட்ரி ஸ்கேனில். தெரிந்தும் கிட்டில் கமிட் விழவில்லை என்றால் எந்த டேக்கை ஏற்பது என்ற விதியிலோ, ரெப்போவில் எழுத ஃப்ளக்ஸ் வைத்திருக்கும் டெப்ளாய் கீயிலோ. கமிட் விழுந்தும் பாட் மாறவில்லை என்றால் சிங்கில்.

ஸ்கேனில் பலரும் கவனிக்காதது டாக்கர் ஹப் வரம்பு. லாகின் இல்லாமல் 6 மணி நேரத்துக்கு 100 புல் (இமேஜ் இறக்கம்) மட்டுமே. ஃப்ளக்ஸ் முதல் பதிப்பு ஒவ்வொரு டேக்கின் மேனிஃபெஸ்ட்டையும் (விவரக் கோப்பு) தனித்தனியாக எடுக்கிறது. அதுவும் புல் கணக்கில் சேரும். நூற்றுக்கணக்கான டேக் உள்ள ஒரு ரெப்போ போதும், லாகில் 429 (கோரிக்கை மிகுதி) பிழை வர. வொர்க்லோடுக்கு இமேஜ்-புல்-சீக்ரெட் (ரெஜிஸ்ட்ரி லாகின் விவரம்) கொடுங்கள். தானாகப் புதுப்பிக்க வேண்டாத இமேஜ்களை ரெஜிஸ்ட்ரி-எக்ஸ்க்ளூட்-இமேஜ் ஃப்ளாகில் விலக்குங்கள். ஃப்ளக்ஸ் டீமனை ரீஸ்டார்ட் செய்வதால் வரம்பு உயராது, பார்க்க வேண்டிய லாக்தான் போகும்.

டேக் விதியில் இரண்டு பொறிகள். செம்வெர் (பதிப்பு எண்ணைப் பார்க்கும் விதி) ~1.4 என்று வைத்துவிட்டு 1.4.10-ஆர்சி1 வரும் என்று காத்திருப்பது ஒன்று: ப்ரீ-ரிலீஸ் அதில் பொருந்தாது. மற்றது டேக் பெயரின் வடிவத்தைப் பொருத்தும் குளோப் விதி. அது இமேஜ் உருவான நேரத்தை வைத்தே புதியதைத் தேர்கிறது. ஜிப் (Jib) போன்ற பில்ட் கருவிகள் அந்த நேரத்தை 1970 என்று பதிப்பதால், எல்லா டேக்கும் ஒரே வயதாகிவிடும். செம்வெருக்கு மாறுங்கள், அல்லது ஜிப்பில் நடப்பு நேரத்தைப் பதியச் சொல்லுங்கள். லேட்டஸ்ட் டேக்கை நம்பியிருப்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பெயர் மாறாவிட்டால் கிட்டில் கமிட் செய்ய எதுவும் இருக்காது.

கிட் இணைப்பே அறுந்திருந்தால் தேதியைப் பாருங்கள். கிட்ஹப் 2023 மார்ச் 24 அன்று தன் ஆர்எஸ்ஏ ஹோஸ்ட் கீயை மாற்றியது. பழைய ஃப்ளக்ஸ் இமேஜுக்குள் பொதிந்திருப்பது பழைய நோன்-ஹோஸ்ட்ஸ் (நம்பும் சர்வர்களின் கீ பட்டியல்). எனவே ‘ஹோஸ்ட் கீ வெரிஃபிகேஷன் ஃபெயில்ட்’ வந்தால் டெப்ளாய் கீயை மாற்றி மாற்றிப் போடாமல், புதிய நோன்-ஹோஸ்ட்ஸை கான்ஃபிக்மேப் வழியாக மவுன்ட் செய்யுங்கள்.

சிங்கில், ஒரே ரிசோர்ஸ் இரண்டு கோப்புகளில் இருந்தால் முழு ரெப்போவும் நிற்கும். குபெர்னெட்டிஸ் 1.22-க்கு ஏறியவர்கள் அதில் நீக்கப்பட்ட பழைய பீட்டா இன்கிரஸ் ஏபிஐ ரெப்போவில் எங்கேனும் மிச்சமிருக்கிறதா என்றும் தேட வேண்டும்.

இரண்டாம் பதிப்புக்கு மாறும்போது பழைய டீமனைப் பூஜ்யத்துக்கு இறக்காமல் புதியதை அதே பாதையில் விடாதீர்கள். இரண்டும் ஒரே ரிசோர்ஸுக்கு மல்லுக்கட்டும். புதிய டேக்கைத் தேர்ந்து கிட்டில் எழுதும் இமேஜ் ஆட்டோமேஷன் கன்ட்ரோலர்கள் வழக்கமான பூட்ஸ்ட்ராப்பில் (நிறுவும் கட்டளை) வராது. காம்போனென்ட்ஸ்-எக்ஸ்ட்ரா ஃப்ளாகில் கேட்க வேண்டும், கூடவே ரீட்-ரைட்-கீ ஃப்ளாகும் வேண்டும். அது இல்லையென்றால் டேக் தேர்வாகும், புஷ் தோற்கும்.